பிடிமண்ணும் பால்மரமும்

நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில், 115ஆம் தெருவில், ஒரு மாதா இருக்கிறாள். தென் இத்தாலியின் போல்லா ஊரிலிருந்து பிழைக்கப் போனவர்கள் 1881இல் அவளுக்கு விழா எடுக்கத் தொடங்கினார்கள். 1884இல் கர்மேல் மாதா ஆலயம் எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கையில் காசு சேர, இத்தாலியர் பிராங்ஸுக்கும் புறநகர்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். மாதா போகவில்லை. ஜூலை 16 வந்தால் பேரப்பிள்ளைகள்தான் அவளைத் தேடி வருகிறார்கள். இன்று ஹைட்டி நாட்டவரும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் கதை வேறு. அங்கே ஆள் பெயர்ந்தால் அம்மனும் பெயர வேண்டியிருக்கிறது.

அங்கே பகாவ் ஊரைச் சுற்றி கெடிஸ், ஜெராம் பாடாங், செயின்ட் ஹெலியர் என ரப்பர் தோட்டங்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை, கங்காணிகள் தமிழகத்திலிருந்து இத்தகைய தோட்டங்களுக்கு ஆள் கட்டினார்கள். பால்மரம் சீவ வந்தவர்கள் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மனையும் எல்லையில் முனீஸ்வரரையும் நிறுத்தினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குப் போயின. நிலம் கைமாறியபோது, கோயிலை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது.

இது நிலத் தகராறு மட்டுமல்ல. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்துப் பேசும் மரபு நம்முடையது. தேவாரப் பதிகங்கள் ஊர் ஊராகப் பாடப்பட்டவை. அப்படியானால் தலம் மாறிய தெய்வம் அதே தெய்வம்தானா?

ஆகமத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. திருப்பணி நடக்கும்போது மூலவரின் சக்தியைக் குடத்து நீரில் இறக்கி, பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதியில் வைத்துப் பூசை செய்வார்கள். அழைத்தால் சக்தி வரும், நகரும் என்பதே இதன் அடிப்படை. குலதெய்வ வழக்கம் இன்னொன்று செய்கிறது: பழைய கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் புதிய இடத்தில் சேர்க்கிறது. தெய்வத்தோடு தலமும் கொஞ்சம் பயணம் போகிறது.

சோழர்கள் கோயிலுக்கு நிலம் எழுதிவைத்தார்கள், கல்வெட்டே பத்திரம். தோட்டத்து மாரியம்மன் நின்றதோ கம்பெனி நிலத்தில். சொந்த மண் இல்லாதவர்களுக்கு, கூடவே நடந்துவரும் தெய்வம்தான் கைகொடுக்கும். ஹார்லெம் மாதா அங்கேயே இருக்க முடிந்ததற்கு, அவள் காலடி நிலம் திருச்சபைக்குச் சொந்தம் என்பதும் ஒரு காரணம்.

பாலாலயம் சக்தியை அழைத்துப் போய்விடுகிறது. பிடிமண்ணோ ஒரு கைப்பிடிதான், மீதி மண் அங்கேயே கிடக்கிறது. சிலை போன பிறகு, பழைய லயத்து மரத்தடியில் ஒரு கிழவி சூடம் ஏற்றி வேண்டினால், அதைக் கேட்பது யார்?