தாங்கும் சுபாவம்

நம் வீடுகளில் ஒரு புகழுரை அடிக்கடி காதில் விழுகிறது. "அவளுக்கென்ன, எதையும் தாங்கிக்கொள்வாள்" என்பது அது. மூத்த பெண்ணைப் பற்றிச் சொல்வார்கள். மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கிவிட்ட மருமகளைப் பற்றிச் சொல்வார்கள். இருபது வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிற அம்மாளைப் பற்றியும் சொல்வார்கள். சொல்கிறவர் மனத்தில் கபடம் ஒன்றும் இராது. மெய்யாகவே பாராட்டாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்தப் பாராட்டுக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கூடுதலாகக் கிடைத்ததா என்று பார்த்தால், இருந்ததும் குறைந்துதான் போயிருக்கும். தாங்குகிறவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது எவ்வளவு? இந்தக் கேள்வியை எனக்குள் வெகுவாகக் கிளப்பிவிட்டது ஒரு பூச்செடி.

காஸ்மாஸ் என்று அதற்குப் பெயர். மெக்ஸிகோ நாட்டில் தானாக முளைத்துக் கிடந்த காட்டுப் பூ. அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போய், மாட்ரிட் நகரத்து அரசத் தோட்டத்தில் வளர்ந்தது. 1791-ல் கவனில்லெஸ் என்னும் பாதிரியார், தாவர சாஸ்திரத்தில் கரை கண்டவர், இந்தப் பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் ஒழுங்கு, அலங்காரம், பிரபஞ்சம் மூன்றுக்கும் அது ஒரே சொல். நம் வீட்டுத் தோட்டங்களில் இரண்டு வகை காணலாம்: வெயிலுக்கு அஞ்சாத மஞ்சளும் செம்மஞ்சளும் ஒரு வகை, சோம்புச் செடிபோல நூல்நூலான இலையும் ரோஜா நிறப் பூவும் உள்ளது இன்னொன்று.

சாமந்தி, சூரியகாந்தி, நம் வரப்போரத்துக் கரிசலாங்கண்ணி எல்லாம் இதற்கு உறவு. இந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று பறிப்பது உண்மையில் ஒரு பூ அன்று, ஒரு கூட்டம். காஸ்மாஸில் சுற்றிலும் எட்டு இதழ்போல் தெரிகின்றனவே, அவை ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நடுவில் மஞ்சள் பொட்டாக இருப்பது பல குட்டிப் பூக்களின் நெரிசல். வெளியே பளபளக்கும் இதழ்ப் பூக்கள் விதை தருவதில்லை. வண்டையும் வண்ணத்துப்பூச்சியையும் வா என்று அழைப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. வம்சத்தை வளர்ப்பது நடுவில் இருக்கும், யாரும் ஏறிட்டுப் பாராத, அந்தப் பொட்டுதான்.

வளர்ப்பது சுலபம். ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில், அல்லது மார்கழியில், மண்ணைக் கிளறிவிட்டு, வளைந்த ஊசி மாதிரி இருக்கும் விதையைக் கால் அங்குல ஆழத்தில் போட்டு மூடினால் போதும். ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். இரண்டு மாதத்தில் பூக்கும். வேர் பிடித்த பிறகு இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் முகம் சுளிக்காது. எரு கேட்காது. கேட்காதது மட்டும் அல்ல, போட்டால் கெட்டுப்போகும். என் அடுத்த வீட்டு நண்பர் ரிடையரானவர், தாராள மனசு. ரோஜாவுக்குப் போடுவதுபோலச் சாணமும் பிண்ணாக்குமாகக் காஸ்மாஸுக்கும் கொட்டினார். செடி ஆள் உயரம் வளர்ந்தது. ஒரே இலை மயம். பூ அங்கொன்றும் இங்கொன்றும். தை மாதக் காற்றில் பாதிச் செடி படுத்துவிட்டது.

அதைப் பார்த்தவர்கள் உடனே ஒரு நீதியை எடுத்துக்கொண்டார்கள். "பார்த்தீர்களா, கொடுக்கக் கொடுக்கக் கெட்டுப்போகும்! குழந்தைகளும் அப்படித்தான், கஷ்டப்பட்டால்தான் உருப்படும்." தெருவிளக்கில் படித்ததாகச் சொல்லப்படும் முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதியான கதையையும் ஒருவர் எடுத்துவிட்டார். இந்த நீதி எனக்கு ஜீரணமாகவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முளைவிட்ட காஸ்மாஸை ஒரு நாள் குனிந்து பாருங்கள். இரண்டு விதையிலை, நூல் மாதிரி ஒரு வேர். அன்றைக்கு அதன் சுபாவத்தில் தாங்குதல் என்பதே கிடையாது. ஒரு பிற்பகல் வெயில் போதும், கதை முடிந்துவிடும். முதல் இரண்டு வாரம் மேல்மண் காயாமல் காலையும் மாலையும் பூவாளியால் தெளித்துத்தான் அது வேர் விடுகிறது. பிற்பாடு நாம் தண்ணீர் விடாதபோது அது தாங்குகிறதென்றால், முன்பு யாரோ விட்ட தண்ணீரில் இறங்கிய வேரினால் தாங்குகிறது. அதை நாம் மறந்துவிட்டு, பிறவியிலேயே வந்த குணம்போலப் பேசுகிறோம்.

"காட்டில் யார் பூவாளி தூக்கினார்கள்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. காட்டில் ஒரு செடி நூற்றுக்கணக்கில் விதை சிந்துகிறது. பறவை தின்றது, எறும்பு இழுத்தது, முளைத்துக் கருகியது போக மிஞ்சினவைதாம் நம் கண்ணில் படுகின்றன. மிஞ்சியதைப் பார்த்து, "ஆஹா, என்ன உறுதி!" என்கிறோம். போனவற்றை எண்ண ஆள் இல்லை. தெருவிளக்குக் கதையிலும் இதே கணக்குத்தான். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண்ணும் போய், படிப்பும் போய், மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போன பையன்களின் பெயரை யார் குறித்து வைத்தார்கள்? காட்டுக்கு நூற்றில் இரண்டு தேறினால் போதும். வீட்டில் பிறப்பது இரண்டோ மூன்றோ. காட்டுக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவருவது எவ்வளவு பெரிய அநியாயம்!

சரி, வளர்ந்தபின் தாங்குகிறதல்லவா, அப்போது விட்டுவிடலாமே என்றால், அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுவரோரத்தில், தண்ணீர் எட்டாத மூலையில், ஒரு காஸ்மாஸ் நின்றது. சாண் உயரம்தான். மற்றச் செடிகள் மொட்டுக்கூட வைக்காதபோது அது பூத்துவிட்டது. வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். ஆனால் ஓராண்டுச் செடிகளின் வழக்கமே அதுதான். வறட்சி தட்டினால் அவற்றில் பல வளர்ச்சியை நிறுத்திவிட்டு, அவசரம் அவசரமாகப் பூத்து விதைக்கப் பார்க்கும். இன்னும் எத்தனை நாளோ, அதற்குள் ஒன்றிரண்டு விதையாவது விட்டுப் போவோம் என்கிற தவிப்பு. அந்தப் பூவின் நடுப்பொட்டைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். நல்ல செடியின் பூவில் இருக்கும் விதையில் பாதிகூட இராது. வெளியே இதழ் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் சிரிப்பை நான் மனிதர்களிடமும் கண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த குடும்பத்தில் நாலு குழந்தைகள். மூத்தது பெண். கடைக்குட்டி நோஞ்சான், அவனுக்கு ஹார்லிக்ஸ், அவனுக்கு முட்டை. நடுவிலிருந்த இருவருக்கும் படிப்பு. மூத்தவள் எட்டாம் வகுப்போடு நின்று அடுப்படிக்கு வந்தாள். பன்னிரண்டு வயதில் குடும்பப் பொறுப்பு தெரிந்த பெண் என்று ஊரே கொண்டாடியது. தீபாவளிக்கு எல்லாரும் எடுத்துக்கொண்டு மிச்சமான புடவை அவளுக்கு. "அவளுக்கு எந்தக் கலரானாலும் சரி." இன்று அவளுக்கு அறுபது வயது, எப்போதும் சிரித்த முகம். ஒரு நாள் பேச்சுவாக்கில், "உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும், அக்கா?" என்று என் மனைவி கேட்டாள். அவள் சிரித்தபடியே, "யாரும் கேட்டதில்லைம்மா. கேட்டிருந்தா யோசிச்சு வச்சிருப்பேன்" என்றாள்.

அவள் தாங்கவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? தாங்கினாள். பூக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் அவள் என்னவாக ஆகியிருப்பாள் என்பது மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. ஒருவரால் எவ்வளவு குறைவில் பிழைக்க முடியும் என்பது ஒரு கணக்கு. அவருக்கு எவ்வளவு வேண்டும் என்பது வேறு கணக்கு. முதல் கணக்கைப் போட்டுவிட்டு, விடையை இரண்டாவதற்கு எழுதிவிடுகிறோம். நமக்கு அதில் செலவு மிச்சம்.

அப்படியானால் எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. என் நண்பரின் பிண்ணாக்கு இருக்கிறதே, அதுவும் செடியைப் பார்த்துப் போட்டது அன்று. தம் தாராளத்தைப் பார்த்துப் போட்டது. ரோஜாவுக்கு வேண்டியதைக் காஸ்மாஸுக்குப் போட்டவரும், காஸ்மாஸ்தானே என்று மூலையில் விட்டவரும் ஒரே காரியத்தைத்தான் செய்யவில்லை. செடி முன் குனிந்து பார்க்கவில்லை.

குனிந்து பார்ப்பது பெரிய வித்தை இல்லை. விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டால் ஈரம் இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும். வாடிய பூவை அவ்வப்போது கிள்ளிவிட்டால் செடி விதைக்கிற அவசரத்தை விட்டு மறுபடியும் மொட்டு வைக்கும். கடைசியில் வரும் பூக்களைச் செடியிலேயே காயவிட்டு விதையை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்தால், அடுத்த கார்த்திகைக்கு ஆகும். எரு வேண்டாம். ஆனால் தினம் ஒரு தடவை பார்க்க வேண்டும். கேட்கிற செடியைப் பார்க்க யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அதுவே வாடித் தலையைத் தொங்கப்போட்டு நம்மை அழைத்துவிடும். கேட்காத செடியிடம் நாமாகத்தான் போக வேண்டும்.