கருத்தா யார்?

‘கால்வாய் ஊரை உண்டாக்கிற்று, ரயில்பாதை அதன் வாழ்வை மாற்றிற்று.’ அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துச் சிறு நகரமாகிய லொக்போர்ட்டின் வரலாற்றை இவ்வாறு சொல்லி முடித்துவிடலாம். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் எழுவாயாக நிற்பவை கால்வாயும் தண்டவாளமுமே, மனிதரைக் காணோம்.

மிச்சிகன் ஏரியை இலினோய் ஆற்றோடு இணைக்கும் 96 மைல் நீளக் கால்வாயை வெட்டும் வேலை 1836இல் தொடங்கி 1848இல் முடிந்தது. அதன் நிர்வாகத் தலைமையிடமாக வகுக்கப்பட்ட ஊரே லொக்போர்ட். அறுபதடி அகலமும் ஆறடி ஆழமுமாக மண்ணையும் பாறையையும் அகழ்ந்தோருட் பலர் அயர்லாந்திலிருந்து வந்த வறியோர். மாநிலக் கருவூலம் வரண்டபோது அவர்கள் கூலியாகக் கண்டது காசன்று, கடன் சீட்டு. சீட்டின் மதிப்போ சரிந்துகொண்டே போயிற்று. பின்னர் வேலையும் நின்றது. 1845இல் கடன் கொடுத்தோர் மேலும் 16 இலட்சம் டொலர் தர இசைந்தனர். கால்வாயும் அதன் நிலங்களும் அவர்களுக்குப் பிணையாயின. கூலியாளின் வியர்வைக்குப் பிணை நின்றவர் யார்?

இவ்விடத்தில் வழக்கை முடித்துவிட்டால் நமக்கு வசதிதான். ஆனால் அந்நிலம் யாருடையது? 1816ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் போட்டவாட்டமி முதலிய பழங்குடியினர் கால்வாய் வழிக்கான நிலத்தை ‘விட்டுக்கொடுத்தனர்’. இவ்வொரு வினைக்கு மட்டும் அவர்களையே எழுவாயாக்கினர்! 1833ஆம் ஆண்டுச் சிக்காகோ ஒப்பந்தத்தின் பின் அவர்களுட் பெரும்பாலோர் மிசிசிப்பிக்கு மேற்கே பெயர்க்கப்பட்டனர். கூலிச் சீட்டைக் கொடுத்துக் கால்வாய் நிலம் வாங்கிய அயர்லாந்துத் தொழிலாளரும் உளர். வஞ்சிக்கப்பட்டவன் கைக்கு வந்தது பறிக்கப்பட்ட மண். அவனைக் குற்றவாளி என்போமா? நாம் அவ்வாறு கூறத் துணியோம். குற்றத்தின் பயன் அவனையும் சேர்ந்தது என்பதை மறைக்கவும் துணியோம்.

ரயிலின் கதை சுருக்கமானது. 1853இல் கால்வாய்க்கு இணையாக அது லாசாலை எட்டியதும் பயணிகள் படகுகள் ஓய்ந்தன. சரக்குப் படகுகள் மேலும் பல்லாண்டு ஓடின. 1933இல் கால்வாயே மூடப்பட்டது.

இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என்று வகுப்பிலே இரண்டு கற்பிக்கிறோம். தச்சனும் கோயில் கட்டினான். அரசனும் கோயில் கட்டினான். பரீட்சைத் தாளில் இரண்டிற்கும் ஒரே புள்ளிதான். ஊர்களின் வரலாற்றிலோ அரசன் மட்டுமே எஞ்சுகிறான். சில வேளை அவனும் மறைந்து, கருவியே கருத்தாவாகிவிடுகிறது. அப்போது வினவுதற்கு ஆளில்லை. கால்வாயிடம் கூலிக் கணக்குக் கேட்பார் உண்டோ?

கட்டுமானப் பொருள்களை வைக்க 1838இல் எழுந்த சுண்ணக்கற் பண்டகசாலை லொக்போர்ட்டில் இன்றும் நிற்கிறது. கட்டியவர் யாரென்று வினவினால், கால்வாய் ஆணையாளர் என்றே விடை வரும்.