ஒன்பது சொல்லுக்கா இத்தனை பயம்?

மீட்டிங்கில் ஏன் வாயைத் திறக்கவில்லை?

பதில் தெரியாதா? தெரியும்! அந்த ஆர்டரை நூலிலிருந்து அட்டைப்பெட்டி வரை சுமந்தது நீ. எங்கே சிக்கல், எப்படித் தீரும், எல்லாம் உனக்கு அத்துப்படி.

ஆனால் எழுந்து பேசியது வேறொருவர். உன் உழைப்பை அவர் வாயால் சொன்னார். பாராட்டும் அவருக்கே போயிற்று.

அவருக்கு உன்னைவிட அறிவு அதிகமா? இல்லை! ஆங்கில இலக்கணம் என்றதும் உனக்குத் தொடை நடுங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று அந்த நடுக்கத்தோடு ஒரு கை பார்த்துவிடுவோம். ஒவ்வொரு சாக்காக எடுத்து வை. ஒன்றையும் விடப்போவதில்லை!

"நான் தமிழ் மீடியம்!"

அதனால்? தமிழ் தெரிந்தது குற்றமா? இந்த விஷயத்தில் அதுதான் உன் மூலதனம்!

சொல்லிப் பார். நான் போகலாம். அவள் போகலாம். அவர்கள் போகலாம். 'லாம்' மாறியதா?

என்னால் முடியும். அவனால் முடியும். அவர்களால் முடியும். 'முடியும்' அசைந்ததா?

ஆங்கிலத்திலும் இப்படி அசையாத கூட்டம் ஒன்று இருக்கிறது. கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். முக்கியமானவை மொத்தமே 9. மோடல் வெர்ப் என்கிறார்கள். ஐ, ஹி, தே, யார் வந்தாலும் இவை உருவம் மாறுவதில்லை.

பின்னால் வரும் வினைச்சொல்லுக்கு 'எஸ்' வேண்டாம். 'ஈடி' வேண்டாம். இடையில் 'டு' வேண்டாம். ஹி கேன் கோ. முடிந்தது!

கேள்வியா? இடத்தை மாற்று: கேன் ஹி கோ? மறுப்பா? 'நாட்' சேர்த்துக்கொள். டூ, டஸ், டிட் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆங்கில இலக்கணத்தில் இவ்வளவு எளிய விதிகள் வேறெங்கே? இதன் வாசலில் நின்றா அழுகிறாய்?

"புரிந்தால் போதாதா? இலக்கணம் எதற்கு?"

போதாது! திருப்பூருக்கு வா. ஒரு பனியன் கம்பெனியில் நீ மெர்ச்சண்டைசர் என்று வைத்துக்கொள். ஐரோப்பாவிலிருந்து பையர் கேட்கிறார்: சரக்கு 25ஆம் தேதி கப்பல் ஏறுமா?

'வி வில் ஷிப்' என்று எழுதினால் அது வாக்கு. நீ கொடுத்த வாக்கு!

'வி ஷுட் பி ஏபிள் டு ஷிப்' என்றால், எல்லாம் சரியாக நடந்தால் ஏறிவிடும். 'வி மைட் ஷிப்' என்றால், ஏறினாலும் ஏறும், ஏறாமலும் போகும். 'வி கேன் ஷிப்' என்றால், எங்களால் முடியும். வாக்கு இன்னும் கொடுக்கவில்லை.

மாறியது சில சொற்கள்தான். பொறுப்பு எவ்வளவு மாறிவிட்டது, பார்த்தாயா?

சாயப்பட்டறையிலிருந்து துணியே வரவில்லை. நீயோ பந்தாவாக 'வில்' போட்டுவிட்டாய். தேதி தப்பியது. பையர் சும்மா இருப்பாரா? விலையைக் குறை என்பார். இல்லாவிட்டால் விமானத்தில் அனுப்பு என்பார்.

அந்தச் செலவு யார் தலையில் விழும்? இப்போது சொல், இலக்கணம் எதற்கு?

"மரியாதையாகத்தான் எழுதினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டதே!"

மரியாதை உன் மனதில் இருந்தது. மெயிலில் இருந்ததா?

'அனுப்பு' வேறு, 'அனுப்புங்க' வேறு. நம் மரியாதை அந்த 'ங்க'வில் குடியிருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'சென்ட்'தான். நீ சொன்ன 'ங்க' பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. பையர் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் 'அனுப்பு'!

அந்த 'ங்க'வை எங்கிருந்து மீட்பாய்? 'குட்', 'வுட்' இரண்டிலிருந்தும்! 'குட் யூ ப்ளீஸ் சென்ட் தி அப்ரூவல் பை ஃப்ரைடே?' என்று கேள். யார் கோபப்படுவார்?

'யூ மஸ்ட் சென்ட்' என்று எழுதாதே. 'அனுப்ப வேணும்' என்றுதான் நீ நினைத்தாய். தமிழில் அந்த 'வேணும்' கெஞ்சவும் செய்யும், யோசனையும் சொல்லும், கட்டளையும் போடும். மஸ்டுக்கு அந்த நெளிவு சுளிவு கிடையாது. வாடிக்கையாளருக்கு எழுதினால் அது அதட்டல்தான். செய்தால் நல்லது என்று சொல்லத்தான் ஷுட் இருக்கிறதே!

இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது. நன்றாகப் பார்த்து நட.

'யூ மஸ்ட் நாட் பே தி அட்வான்ஸ்.' பொருள்: அட்வான்ஸ் கட்டக் கூடாது! 'யூ டோன்ட் ஹேவ் டு பே தி அட்வான்ஸ்.' பொருள்: கட்ட வேண்டியதில்லை.

'கூடாது'வும் 'வேண்டியதில்லை'யும் ஒன்றா? தமிழில் ஒருநாளாவது குழம்பியிருக்கிறாயா? அந்தத் தெளிவை ஆங்கிலத்துக்கும் எடுத்துக்கொண்டு போ!

"நான் டெக்னிக்கல் ஆள். எனக்கு எதற்கு இதெல்லாம்?"

உனக்குத்தான் முதலில் வேண்டும்!

உன் தொழிற்சாலைச் சுவரில் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் மாட்டியிருக்கிறதா? அந்தத் தரநிலையைத் திறந்து பார். ஷல் என்றால் கட்டாயம். ஷுட் என்றால் பரிந்துரை. மே என்றால் அனுமதி. கேன் என்றால் இயலும் என்று பொருள். அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஷல் போட்ட இடத்தை நீ 'செய்தால் நல்லது' என்று படித்தால் என்ன நடக்கும்? ஆடிட்டர் வருவார். 'விதி மீறல்' என்று என்.சி. எழுதிவிட்டுப் போவார்!

சாஃப்ட்வேர் ஆளா நீ? இணையத்தின் விதிகளை எழுதியவர்கள், 1997இல் ஆர்எஃப்சி 2119 என்று ஒரு தனி ஆவணமே போட்டார்கள். எதற்கு? மஸ்ட், ஷுட், மே போன்ற சொற்களுக்கு என்ன பொருள் என்று வரையறுக்க!

உலகத்தின் கணினிகளை இணைத்த பொறியாளர்களே இந்தச் சொற்களுக்கு மெனக்கெட்டார்கள். நீ மட்டும் 'டெக்னிக்கல் ஆள்' என்று ஒதுங்குவாயா?

"வயது ஆகிவிட்டது. இனி மண்டையில் ஏறாது."

யார் சொன்னது?

இத்தாலியில் 1680இல் பிறந்தவர் பெஸ்கி. தமிழ் மண்ணில் கால் வைத்தபோது முப்பதை எட்டியிருந்தார். அதற்குப் பிறகுதான் 'ழ'கரத்தோடு மல்லுக்கட்டினார். அவரைத்தான் வீரமாமுனிவர் என்கிறோம்.

தேம்பாவணி என்ற காப்பியம் எழுதினார். 1732இல் சதுரகராதி தந்தார். போதாதென்று தொன்னூல் விளக்கம் என்று தமிழிலேயே ஓர் இலக்கண நூலும் எழுதினார்!

எங்கிருந்தோ வந்தவர், உன் மொழிக்கே இலக்கணம் எழுதினார். உன்னால் 9 சொற்களைப் பழக முடியாதா? சொல்லவே கூச்சமாக இல்லை?

"தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே!"

சிரிக்கட்டும்! சிரித்து யாருடைய சம்பளம் குறைந்தது?

ஜோசப் கான்ராட். போலந்துக் குடும்பத்தில் 1857இல் பிறந்தவர். ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி. இருபது வயதில் பிரிட்டிஷ் கப்பலில் ஏறிய பிறகுதான் அதைக் கற்கத் தொடங்கினார்.

கேப்டனுக்கு அடுத்த பதவியான ஃபர்ஸ்ட் மேட் தேர்வில் முதல் தடவை தோல்வி. கேப்டன் தேர்விலும் முதல் தடவை தோல்வி. விட்டாரா? மறுபடி எழுதினார். 1886இல் கேப்டன் சான்றிதழ் வாங்கினார்!

1895இல் முதல் நாவல். அதன் பிறகு ஆங்கில இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒன்றானார். பேச்சில் மட்டும் அந்த அயல்நாட்டு வாடை கடைசிவரை போகவே இல்லை.

போகாததால் என்ன குறைந்துவிட்டது?

தப்பு வரும். வரட்டும்! 'ஐ கேன் ஏபிள் டு' என்று சொல்லிவிட்டாயா? கேன் என்றாலும் முடியும், ஏபிள் என்றாலும் முடியும். ஒன்றை வெட்டு. ஐ கேன்!

'ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ' என்று மெயில் போட்டாயா? நாளை லீவு எடுப்பது உறுதிதானே? பின் எதற்கு வுட்? வில் போடு!

தப்பைத் திருத்த அரை நிமிடம் போதும். தப்புக்குப் பயந்து எத்தனை வருடத்தைத் தொலைத்தாய்?

"இப்போதெல்லாம் செல்போனே எழுதித் தருகிறதே!"

தரும். அழகாகவே தரும். ஆனால் துணி சாயப்பட்டறையில் நிற்பது அதற்குத் தெரியுமா? உன் முதலாளி எந்தத் தேதிக்கு ஒப்புக்கொள்வார் என்று தெரியுமா?

வில் போடுவதா, மைட் போடுவதா? முடிவு எடுக்க வேண்டியது நீ! அது எழுதியதைப் படித்து, 'இது நான் தரக்கூடிய வாக்கா?' என்று கேட்கவாவது உனக்கு இந்த 9 சொல் தெரிய வேண்டாமா?

நாளைக்கே மீட்டிங்கில் போன் பேசுமா, நீ பேசுவாயா?

"நேரமே இல்லை!"

ரீல்ஸ் பார்க்க நேரம் இருக்கிறதா? அதில் கால் மணி நேரத்தைப் பிடுங்கு!

இன்று நீ அனுப்பிய மெயில் ஒன்றை எடு. இந்த 9இல் எது வந்திருக்கிறது? அடிக்கோடு போடு. அது வாக்கா, வேண்டுகோளா, கட்டளையா? நீ சொல்ல நினைத்ததும் அதுதானா? இல்லையென்றால் மாற்றி எழுது. எழுதியதை உரக்கச் சொல்.

உரக்க! முணுமுணுக்காதே. உன் காது பழகினால்தான் மீட்டிங்கில் நாக்கு புரளும்.

வாரத்துக்கு ஒரு சொல்லைப் பிடி. இந்த வாரம் குட். அடுத்த வாரம் ஷுட். ஒன்பதே வாரத்தில் ஒன்பதும் கைக்கு வந்துவிடும். அதன்பிறகு டென்ஸ், பிரெபொசிஷன் எல்லாம் மலையாகத் தெரியாது. ஒரு கூட்டத்தை வென்ற தெம்போடு அடுத்த கூட்டத்தோடு மோதுவாய்!

புத்தகம் முழுவதும் படித்து முடித்த பிறகு பேசலாம் என்று காத்திருக்கிறாயா? அந்த நாள் வராது. படிக்கும்போதே பேசு. தப்பு செய்துகொண்டே பேசு. திருத்திக்கொண்டே பேசு!

சாக்கு எல்லாம் தீர்ந்ததா? இன்னும் ஏதாவது பாக்கியா?

இல்லையல்லவா? பிறகென்ன தயக்கம்?

நாளை அந்த பையருக்கு நீயே எழுது. யாரிடமும் கொடுத்து எழுதி வாங்காதே. கேட்க வேண்டியதைக் 'குட்' போட்டு நிமிர்ந்து கேள். பட்டறைக்குப் போன் போடு, துணி வந்ததா என்று உறுதி செய்துகொள். பிறகு 'வில்' போட்டு வாக்குக் கொடு.

கொடுத்த வாக்கைக் காப்பாற்று. அடுத்த மீட்டிங்கில் அதை நீயே எழுந்து சொல்!