'திரும்பி' என்றொரு சொல்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த தம்பி, புதுக்கோட்டை மாவட்டத்தின் அழியாநிலை முகாமைச் சேர்ந்தவர். தோப்புக்கொல்லை, லெணா விளக்கு ஆகிய ஊர்களிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன.

டீ குடிக்கும்போது சும்மா கேட்டேன்: "சண்டைதான் 2009-லேயே முடிஞ்சு போச்சே, திரும்பிப் போயிடலாமில்ல?"

"அப்பா திரும்பலாம் சார். நான் எப்படித் திரும்புறது? பொறந்ததே இங்கதானே!"

சுருக்கென்றது. வந்தவர்தானே திரும்ப முடியும்?

அவர் அண்ணன் 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். இவர் 1991-ல். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால், பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகென்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். ஒரே தாய் வயிறு. சட்டப்படி அண்ணன் இந்தியர், தம்பி அந்நியர். 2019-ன் திருத்தமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது.

நாம் ஒன்றும் செய்யாமல் இல்லை. வீடு, அரிசி, மாதப் பணம் தருகிறோம். 2021-ல் முகாமின் பெயரைக்கூட 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினோம். ஆனால், இதெல்லாம் தயவு. தயவு, கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. உரிமைக்கு யார் மனசும் குளிரவேண்டியதில்லை.

அப்பாவுக்கு ஊர் மண்ணில் கண்மூட ஆசை. மகனுக்கு இங்கே ஓட்டுப் போட ஆசை. இரண்டில் எது நியாயம் என்று நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. போகிறவர் பயமில்லாமல் போகவேண்டும். இருக்கிறவர் கூனிக்குறுகாமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

இனி யாரிடமும் "எப்போ திரும்பிப் போறீங்க?" என்று கேட்கமாட்டேன். நீங்கள்?