யார் வினை, யார் தலையில்?

சனி எப்போது மீன ராசிக்குப் பெயர்ந்தது? திருக்கணிதப் பஞ்சாங்கத்தைக் கேட்டால் 2025 மார்ச் 29 என்கிறது. திருநள்ளாறு கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கமோ 2026 மார்ச் என்கிறது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, 2025 ஜூலையில், டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை, வீட்டுக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. அடி பெரும்பாலும் நடுநிலையிலும் மேல்நிலையிலும் இருந்தவர்களுக்கு. அவர்களில் ஒரு மகர ராசிக்காரர் இருந்தால், ஒரு பஞ்சாங்கப்படி அவருக்கு அப்போதே ஏழரைச் சனி முடிந்துவிட்டிருந்தது. இன்னொன்றின்படி பாக்கி இருந்தது. மேஷ ராசிக்காரருக்கு ஒன்றில் ஆரம்பித்திருந்தது, மற்றதில் ஆரம்பித்திருக்கவே இல்லை.

தேனி மாவட்டத்தில் இதைச் சிரித்துக்கொண்டே கடந்துபோக முடியாது. சின்னமனூருக்குப் பக்கத்திலேயே குச்சனூர் இருக்கிறது. சுரபி ஆற்றங்கரையில், மஞ்சள் காப்போடு சுயம்புவாக நிற்கிறார் சனீஸ்வரர். சனிக்கிழமைகளில், அதிலும் ஆடிச் சனிகளில், ஆற்றில் குளித்துவிட்டு எள் விளக்கு ஏற்றி, காக்கைக்குச் சோறு வைக்க வரும் கூட்டத்தில் விவசாயிகளும் கடைக்காரர்களும் இருப்பார்கள். திராட்சையும் ஏலக்காயும் நெல்லும் போட்டுப் பிள்ளைகளைப் பொறியியல் படிக்கவைத்த பெற்றோரும் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் சோழிங்கநல்லூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். 2023 ஜூனில் போடியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயில் ஓடத் தொடங்கியது. வேலை போன செய்தியும் இப்போது அதே ரயிலில் ஊருக்கு வருகிறது. ஆனால் செய்தியாக வருவதில்லை. “லீவுல வந்திருக்கான்”, “வீட்ல இருந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாங்க” என்று வேறு பெயரில் வரும். மூன்றாவது மாதம் அக்கம்பக்கத்தில் யாராவது கேட்கும்போதுதான் அம்மா வாயைத் திறப்பார்: “நேரம் சரியில்லக்கா.”

படித்தவர்கள் இந்தப் பதிலை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவார்கள். அவசரப்படத் தேவையில்லை. வேலை போனவரை முதலில் தின்பது பணக்கவலை இல்லை, வெட்கம். பக்கத்து இருக்கைக்காரன் தப்பித்தான், நான் ஏன் சிக்கினேன் என்ற கேள்வி இரவெல்லாம் தூங்கவிடாது. 2025 ஜூனில் அதே டிசிஎஸ் நிறுவனம் ஒரு விதி கொண்டுவந்தது: ஊழியர் ஆண்டுக்கு 225 நாளாவது வாடிக்கையாளரிடம் கட்டணம் வசூலிக்கும் வேலையில் இருக்க வேண்டும், பெஞ்சில், அதாவது புராஜெக்ட் இல்லாமல், 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு புராஜெக்ட் கிடைப்பதும் கிடைக்காததும் எத்தனையோ பேர் கையில் இருக்கிறது. ஆனால் அந்த 35 நாளைத் தாண்டியவர் தன் திறமையைத்தான் சந்தேகப்படுகிறார். “நேரம் சரியில்ல” என்ற அம்மாவின் பதில் அந்தப் பாரத்தை மகன் தலையிலிருந்து இறக்கி, ஒரு கிரகத்தின் தலையில் வைக்கிறது. மனநல ஆலோசகர் பல அமர்வுகளில் செய்ய முயல்வதை அவர் ஒரே வாக்கியத்தில் செய்துவிடுகிறார்.

கணக்கு என்னவோ இடிக்கத்தான் செய்கிறது. சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு ஆகிறது. ராசிக்கு இரண்டரை ஆண்டு. மூன்று ராசி சேர்ந்தால் ஏழரை. ஆக எந்த நாளில் எண்ணினாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டே இருக்கும். 100 பேர் வேலை பார்க்கும் தளத்தில் சுமார் 25 பேர். 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது பன்னிரண்டு ராசிக்காரர்களும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். அந்தத் தொழிலாளிகளுக்கு ஜாதகம் வேறுவேறு, கதவு ஒன்று.

குச்சனூரின் தலபுராணம் இந்த இடத்தில் வியப்பூட்டுகிறது. பிள்ளையில்லாத தினகரன் என்ற மன்னன் சந்திரவதனன் என்ற ஆதரவற்ற சிறுவனை எடுத்து வளர்க்கிறான். பிறகு மன்னனைச் சனி பிடிக்கிறது. சந்திரவதனன் சுரபி ஆற்றங்கரையில் இரும்பால் சனி உருவம் செய்து வணங்கி, அனாதையான என்னை வளர்த்தவருக்கு ஏன் இந்தத் துன்பம் என்று கேட்கிறான். முற்பிறவி வினை என்கிறார் சனி. அப்படியானால் அதை எனக்குக் கொடு என்கிறான் பையன். ஏழரை ஆண்டுத் துன்பம் ஏழரை நாழிகையாகச் சுருங்கி அவன் மேல் இறங்குகிறது. நாழிகைக்கு 24 நிமிடம். மொத்தம் மூன்று மணி நேரம்.

இதைப் பரிகாரக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வினைக் கோட்பாட்டுக்கே இது சிக்கலான கதை. ஒருவர் வினையை இன்னொருவர் வாங்கிக்கொள்ள முடியுமா?

முடியாது என்று அடித்துச் சொன்னவர்களும் இதே மாவட்டத்தில் இருந்திருக்கிறார்கள். உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். தலைமேல் நாகம் படம் விரித்த பார்சுவநாதரும் இருக்கிறார். கூடவே வட்டெழுத்துக் கல்வெட்டுகள், அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயர். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான செதுக்கல்கள் இவை. சமணர் கணக்கில் வினை என்பது உயிரில் வந்து ஒட்டும் நுண்பொருள். அவரவர் செய்தது அவரவருக்கே, கைமாற்றிவிட முடியாது. ஆனால் முயற்சியால் கழிக்க முடியும். எல்லாம் நியதி, முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்ற ஆசீவகரை அவர்கள் விடாமல் எதிர்த்தார்கள். சமணக் காப்பியமான நீலகேசியில் பூரணன் என்ற ஆசீவகரோடு வாதிட ஒரு சருக்கமே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பாறை சொல்வதுதான் நவீன அலுவலகத்துக்கும் பிடித்த தத்துவம். திறமையை வளர்த்துக்கொள், புதிய தொழில்நுட்பம் படி, உன் வேலைக்கு நீயே பொறுப்பு என்று நிறுவனங்கள் சொல்வதெல்லாம் துறவை நீக்கிய சமணம். அது பாதி உண்மை. மீதிப் பாதியில், எந்தச் சந்தையில் முதலீடு செய்வது, எந்தப் பிரிவை மூடுவது என்று வேறு யாரோ எடுத்த முடிவு ஊழியர் தலையில் விடிகிறது. கைமாற்ற முடியாது என்ற வினை ஏற்கெனவே கைமாறிவிட்டது, கேட்காமலேயே. ‘நேரம்’ என்ற பதிலின் குறையும் இங்கேதான். மகனின் வெட்கத்தைத் துடைத்த அதே கை, முடிவெடுத்தவரின் பொறுப்பையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது.

மேற்கே மலையேறினால் இது இன்னும் பச்சையாகத் தெரியும். கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகத் தினமும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் பெண்களுக்கு வேலை என்பதே நாள் கணக்குதான். 2000-க்குப் பிறகு கேரளத்தின் பீர்மேடு வட்டாரத்தில் சில தேயிலைத் தோட்டங்களை முதலாளிகள் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். நோட்டீஸ் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. தலைமுறைகளாகக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒழுகும் லயங்களிலேயே தங்கி, இலையைத் தாங்களே பறித்து விற்றுக் காலம் தள்ளின. 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது வேலைநீக்கம் அல்ல, போனஸ் குறைப்பு. பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தோட்டத் தொழிலாளர்கள், சங்கத் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். யார் முடிவு இது என்று அவர்கள் ஆளைப் பார்த்துக் கேட்டார்கள். சாமி கும்பிடுவதை அதற்காக நிறுத்தவேண்டி வரவில்லை.

நடைமுறைக்குச் சமணரின் இரண்டு சொற்கள் உதவும். புது வினை வந்து ஒட்டாமல் தடுப்பது செறிப்பு. பழையதைக் கழிப்பது உதிர்ப்பு. வேலை ஆட்டம் காணும்போது புதுக் கடனை நிறுத்துவதுதான் செறிப்பு: கார் மாற்றுவது, ஊரில் மாடி எடுப்பது, தங்கை கல்யாணத்துக்குத் தனிநபர் கடன் வாங்குவது எல்லாம் தள்ளிப்போகட்டும். இருக்கும் கடனில் வட்டி அதிகமான கிரெடிட் கார்டை முதலில் அடைப்பது உதிர்ப்பு. இதைவிட முக்கியம், வீட்டில் சொல்லிவிடுவது. தினகரனின் துன்பம் சுருங்கியது வீட்டில் இன்னொருவருக்கு அது தெரிந்திருந்ததால். மாதம் எவ்வளவு வரும், எத்தனை மாதம் தாங்கும் என்று அப்பாவுக்கும் மனைவிக்கும் தெரிந்த வீட்டில் சண்டை வரும். ஆனால் இரவில் தனியாக விட்டத்தைப் பார்த்துக் கிடக்கும் ஆள் இருக்க மாட்டார்.

வீட்டுக்கு அடுத்து, அலுவலகக் கடிதத்துக்கு வருவோம். ஐடி நிறுவனங்கள் பல நேரம் வேலைநீக்கக் கடிதம் தருவதில்லை. நீங்களே ராஜினாமா எழுதிக்கொடுங்கள் என்கின்றன என்பது ஊழியர் சங்கங்கள் தொடர்ந்து சொல்லும் புகார். எழுதிக்கொடுத்துவிட்டால் ஆட்குறைப்புக்கான இழப்பீடு கேட்பது கடினமாகிவிடும். ஐந்தாண்டு முடித்தவருக்குக் கிராஜுவிட்டி உரிமை ராஜினாமாவிலும் போகாது: கணக்குக்கு எடுக்கும் கடைசிச் சம்பளம் 40,000, சேவை 8 ஆண்டு என்றால், 26-ல் 15 பங்கு என்ற கணக்கில் ஏறக்குறைய 1,84,600 ரூபாய். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்புப்படி, ஆட்குறைப்புச் செய்யப்படும் தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ், ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம், அதற்கு மேல் மறுபயிற்சி நிதியாக 15 நாள் சம்பளம் உண்டு.

அந்த ‘தொழிலாளி’ யார் என்பதில்தான் வழக்கே. நிர்வாகப் பணியில் இருப்பவரும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் வரையறைக்கு வெளியே. டீம் லீட், மேனேஜர் என்ற பட்டங்கள் தாராளமாக வழங்கப்படும் துறையில் இது பெரிய ஓட்டை. ஆனால் நீதிமன்றங்கள் பட்டத்தைப் பார்ப்பதில்லை, உண்மையில் செய்த வேலையைப் பார்க்கின்றன. ஆகவே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றை, கம்பெனி ரகசியம் எதையும் தொடாமல், லாக்-இன் முடங்குவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலை நீக்கப்பட்டவர் சங்கத்தில் இல்லாவிட்டாலும் தனி ஆளாகத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம்.