போருக்குப் பின் கணக்கு

போர் முடிந்தவுடன் முரசு ஓய்ந்துவிடுகிறது, கணக்கு ஓய்வதில்லை. சிப்பாய்க்குத் தரவேண்டிய சம்பளப் பாக்கி, தானியம் கொடுத்த வணிகனின் தொகை, மாடும் விளைச்சலும் இழந்த குடியானவனின் நட்டம் ஆகிய மூன்றும் ஆட்சியாளன் தலைமீது கடனாக நிற்கின்றன. இவற்றுள் எதனை ஏட்டில் எழுதுவது, எதனை விடுவது என்பது வெறும் நிதி விவகாரமன்று. அது ஹக்குல் இபாத், அதாவது மனித உரிமை பற்றிய வினாவாகும். நம் எரியோடு அடங்கிய திண்டுக்கல் சீமையின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக நம்முன் வைக்கிறது.

மைசூர் அமைச்சர் நஞ்சராஜர் 1755-இல் ஹைதர் அலீயைத் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக நியமித்தார். பாளையக்காரர்களுடன் நிகழ்ந்த சண்டைக்குப் பின்னர், மெய்யாகக் காயமுற்றோர் 67 பேரே இருக்க, மஞ்சள் தோய்த்த துணிக் கட்டுகளுடன் 700 பேரைக் காட்டி, அவர்களுக்குரிய படித்தொகையை ஹைதர் பெற்றதாக ஆங்கிலேய வரலாற்றாசிரியர் மார்க் வில்க்ஸ் எழுதியுள்ளார்.

1758-இல் காட்சி மாறியது. திருச்சிராப்பள்ளிப் போரினால் மைசூர்க் கருவூலம் வறண்டிருந்தது. சம்பளப் பாக்கி கேட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் படையினர் கிளர்ந்தெழுந்தனர். அப்போது திண்டுக்கல்லிலிருந்து வந்த ஹைதரே, கண்டே ராவின் துணையுடன் கணக்குகளை ஆராய்ந்து, பொய்க் கோரிக்கைகளைக் களைந்து, பாக்கியைத் தீர்த்துவைத்தார்.

வில்க்ஸ் மாற்றார் தரப்பினர். வந்த செய்தியைத் தீர விசாரித்தே ஏற்கவேண்டும் என்பது திருமறையின் கட்டளை. ஆயினும், ஆங்கிலேயரை அஞ்சாது எதிர்த்த ஹைதரின் பெருமைக்குக் குறை நேருமே என்று ஏட்டை மூடிவிடுவதும் முறையன்று. நமக்கும் நம் உறவினர்க்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு பணிப்பதும் அதே திருமறையன்றோ?

அக்கூற்று மெய்யாயின், அந்தப் பொய்க்கட்டு யாரை வஞ்சித்தது? “அரசனைத்தானே!” என்பர் சிலர். அன்று. கருவூலத்திலிருந்து பொய்யாகப் போகும் ஒவ்வொரு காசும், மெய்யாக உழைத்தவனின் கூலி தாமதமாவதற்கு வழிகோலுகிறது. 633 பொய்க் காயங்களுக்கிடையே 67 மெய்க் காயங்களும் ஐயத்துக்குள்ளாகின்றன. கைபர் போரின்போது பொதுப்பொருளிலிருந்து ஒரு போர்வையை மறைத்தெடுத்தவன், பின்னர் அம்பு பட்டு இறந்தபோது மக்கள் அவனை ஷஹீது என வாழ்த்தினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, அப்போர்வை நெருப்பாகி அவன்மீது எரிகிறது என எச்சரித்தார்கள். வீரம் கையாடலை ஹலாலாக்குவதில்லை.

அவ்வாறெனில், 1758-ஆம் ஆண்டின் தீர்ப்பு செல்லாதா? செல்லும். கொடுப்பவனின் குறை, பெறுபவனின் ஹக்கை அழிக்காது. கூலி நிலுவையில் நின்ற சிப்பாய்க்கு அது கிடைத்தது நீதியே. ஆனால் ஒருவனுக்குச் செய்த நீதி, மற்றொருவனுக்கு இழைத்த அநீதிக்குப் பரிகாரமாகாது.

அந்த மற்றொருவன் யார்? திருச்சிராப்பள்ளிப் போர்க்காலத்தில் கொள்ளைப் பொருளில் பாதி தலைவருக்கும் பாதி கொணர்ந்தவனுக்கும் எனத் துல்லியமாகக் கணக்கு வைக்கப்பட்டதாகவும் வில்க்ஸ் கூறுகிறார். பங்கிட்டவர்களிடையே கணக்கில் பிழையில்லை. பொருளுக்குரியவனின் பெயர் மட்டும் அதில் இல்லை! ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் திவான் ஏட்டை வகுத்தபோது, போர்வீரருடன் பெண்டிர், குழந்தைகள் பெயரையும் பதியச் செய்தார்கள். வாள் ஏந்தாதவனுக்கும் ஏட்டில் இடமுண்டு என்பதே அதன் பாடம்.

ஷஹீதின் பாவங்கள் மன்னிக்கப்படினும் அவர் பட்ட கடன் மன்னிக்கப்படுவதில்லை என்பது நபிமொழி. உயிரைக் கொடுத்தவருக்கே இந்நிலையாயின், அவரை ஏவிய ஆட்சியாளனின் கடன் எளிதில் கழியுமா? படைவீரனோடு குடியானவனுக்கும் கொடுத்து முடித்த பின்னரே போர் முடிந்ததாகும். விடுபட்ட பெயர்களெல்லாம் வாசிக்கப்படும் கணக்கு நாள் ஒன்று உண்டு.