வினைப்பயனும் கைவிடுதலும்

இமயத்தின் எவரெஸ்டுச் சிகரத்தில் 2006-ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் சித்தாந்தம் பயில்வார் ஊன்றி ஆராயற்பாலன. 8,849 மீட்டர் உயர்ந்த அச்சிகரத்தில் ஒருவர் மூச்சிற் பெறும் பிராணவாயு, கடல்மட்டத்திற் பெறுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. அம்மலையில் இதுகாறும் 300 பேருக்கு மேற்பட்டோர் மாண்டுள்ளனர்.

அம்மாத நடுவில், டேவிட் ஷார்ப் என்னும் ஆங்கிலேயர் தனியராய் ஏறி, வடகிழக்கு முகட்டில் ஒரு பாறையின் கீழ் நகரமாட்டாது அமர்ந்துவிட்டார். ஏறுவாரும் இறங்குவாருமாக ஏறக்குறைய 40 பேர் அவரைக் கடந்தனர் என்று கூறப்பட்டது. சிலர் அவரைக் கண்டிலர். சிலர் இறந்தார் எனக் கருதினர். சிலர் பிராணவாயு அளித்து எழுப்ப முயன்று இயலாது விட்டனர். அவர் அவ்விடத்தே உயிர்நீத்தார். 1953-இல் டென்சிங்குடன் முதன்முதல் அச்சிகரம் ஏறிய ஹில்லாரி இதனை வன்மையாகக் கண்டித்தார். சின்னாட்களிற்குள், லிங்கன் ஹால் என்னும் ஆஸ்திரேலியர், உடன்சென்ற ஷெர்ப்பாக்கள் பலமணி நேரம் முயன்றும் இறக்க இயலாமையால், இறந்தார் எனக் கருதப்பட்டு மேலே விடப்பட்டார். மறுநாட் காலை அவ்வழி ஏறிய நால்வர் அவர் உயிரோடிருத்தல் கண்டு, சிகரத்தைத் துறந்து அவர்பால் நின்றனர். ஷெர்ப்பாக்கள் மேலேறி வந்து அவரைக் கீழே கொணர, அவர் பிழைத்தார்.

'அவரவர் வினையை அவரவர் நுகர்வர்; அதனிடைப் பிறர் புகுதல் என்னை?' என்பார் நம்மிடையும் உளர். அவர் கூற்றுச் சித்தாந்தம் ஆகாது. ஒருவன் வீழ்ந்து கிடத்தல் அவன் பிராரத்தமே ஆகுக. காண்பான் அதற்குச் செய்வது காண்பானுடைய ஆகாமியம். முன்னையது பின்னையதற்கு நியாயமாதல் யாங்ஙனம்? மேலும், வீழ்ந்தவன் வினை மாளற்குரியதோ பிழைத்தற்குரியதோ என்பதை அறிந்து ஊட்டுவான் இறைவன் ஒருவனே. 'ஹாலின் வினை முடிந்தது' என்று முதல்நாள் இரவு ஒருவர் துணிந்திருப்பின், அத்துணிவு மறுநாட் காலையிற் பொய்த்திருக்கும். அவர் பிழைத்தற்குரிய வினையை ஊட்டுதற்கு இறைவன் கொண்ட கருவி, அங்கு நின்ற நால்வரும் ஏறிவந்த ஷெர்ப்பாக்களுமே.

அற்றேல், 'யாம் தீங்கு செய்திலேம், வாளா கடந்தேம், செய்யாமை வினையாமாறு என்னை?' எனின், கூறுதும். வினை மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படுவது. கால் வாளா நடப்பினும், 'இவன் உயிரினும் என் சிகரம் பெரிது' என்று மனம் துணிந்தபோதே வினை முளைத்தது. யான் எனது என்னும் செருக்கே அதன் வேர்.

எனினும், அன்று கடந்து சென்றார் அனைவரையும் இகழ்தல் நமக்குத் தகாது. உயிரின் அறிவு கருவிகளின் வழியே விளங்குவது. பிராணவாயு குறைந்துழி மூளை மயங்கும். தன்னுடலைத் தாங்குதலே அரிதாகும். தன்னுயிரையும் இழந்து உதவுக என்று கீழிருப்பார் விதித்தல் எளிது. ஆதலின், பொறுப்பு அறிவு தெளிந்திருக்கும் அடிவாரத்திலேயே தொடங்குகின்றது. 'வழியில் ஒருவர் வீழக் காணின், இயன்றவரை உதவுவேன். அதன்பொருட்டுச் சிகரத்தையும் விடுவேன்' என்று அங்கே உறுதிகொண்டவன், மயங்கும் உயரத்தில் அதனைச் செய்தற்கு ஓரளவேனும் வல்லனாவன்.

இவ்வுறுதி மலையேறும் வீரர்க்கு மட்டும் உரியதன்று. திருக்கயிலையை வலம்வருவார் 5,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த டோல்மா கணவாயைக் கடத்தல் வேண்டும். அவ்வுயரத்திலும் மூச்சுத் தளர்ந்து வீழ்தல் உண்டு. புண்ணியங் கருதி விரைவான் ஒருவன் வீழ்ந்த அடியாரைக் கடந்து போவானாயின், உயிர்தோறும் உயிராய் நிற்கும் இறைவன் அவ்வடியார்பாலும் நிற்றலை மறந்தவனாவன். அவன் வலம்வந்தது யாரை? யாத்திரை செய்வார் இதனைத் தம் ஊரிலிருந்து புறப்படுமுன்னரே எண்ணித் துணிதல் கடனாகும்.